மேரிமூரில் நான்கு கோடைகள்

சியாட்டிலுக்குப் பக்கத்து ரெட்மண்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள். மேரிமூர் பூங்காவில் ஒரு காலத்தில் பெரிய உலக இசை விழா நடந்ததாகப் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னாராம். அது என்ன விழா, எப்படி இருந்தது, ஏன் நின்றது, மறுபடி வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் புல்வெளியில் நின்று கேட்டவன் நான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

விழாவின் பெயர் வோமாட். இங்கே நடந்தது அதன் அமெரிக்கக் கிளை, வோமாட் யுஎஸ்ஏ. 1998 முதல் 2001 வரை நான்கே கோடைகள் நடந்தது. நான் 1998 கடைசியில் எச்-1பி விசாவில் வந்து இறங்கினேன். முதல் வருட விழா அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. மற்ற மூன்றுக்கும் போனேன்.

இதன் தாய் விழா இங்கிலாந்தில் பிறந்தது. பாடகர் பீட்டர் கேப்ரியலும் நண்பர்களும் சேர்ந்து 1982 ஜூலையில் ஷெப்டன் மாலெட் என்ற சிற்றூருக்கு அருகிலுள்ள கண்காட்சித் திடலில் முதல் விழாவை நடத்தினார்கள். புருண்டி நாட்டு முரசுக் குழுவும் இங்கிலாந்தின் ராக் குழுக்களும் ஒரே திடலில் வாசித்தன. இசை பிரமாதம், வசூல் படுதோல்வி. கடன் கழுத்தை நெரித்தது. கேப்ரியல் ஏழு வருடங்களுக்கு முன் விட்டு விலகியிருந்த ஜெனிசிஸ் குழுவின் பழைய தோழர்கள், அக்டோபர் 2ஆம் தேதி மில்டன் கீன்ஸில் அவரோடு ஒரே ஒரு முறை மேடையேறிக் கைகொடுத்தார்கள். அந்த வசூல் இல்லையென்றால் வோமாட் ஒரே விழாவோடு முடிந்திருக்கும். மூன்று வருடம் கழித்து, 1985இல், எசெக்ஸ் கடலோரத்து மெர்சி தீவில் நடந்த வோமாட்டில்தான் பாகிஸ்தான் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கான் நள்ளிரவில் பாடினார். கவ்வாலி என்ற அந்த சூஃபி பக்தி இசையின் பெயரையே கேட்டறியாத வெள்ளைக்காரக் கூட்டம் சொக்கிப் போயிற்று. அன்றைக்கு அவரைத் தேடி டிக்கெட் வாங்கி வந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? வேறு எதற்கோ வந்தவர்களின் காதில் அவர் விழுந்தார். இந்த வகை விழாவின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

'உலக இசை' என்ற சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தமிழர்களுக்கு அதில் பங்கு உண்டு. 1987 கோடையில் லண்டனில் ஒரு மதுக்கடையின் மாடியில் சிறு இசைத்தட்டு நிறுவனங்கள் கூடி, கடைகளில் எந்த அலமாரியிலும் அடங்காத இசைத்தட்டுகளுக்கு ஒரு பொதுப்பெயர் தேடி இதைத் தேர்ந்தெடுத்தன என்பார்கள். அது விற்பனைக் கதை. அதற்கு 20 வருடத்துக்கும் முன்பே அந்தச் சொல்லை வகுப்பறையில் புழங்கவிட்டவர் ராபர்ட் பிரவுன் என்ற அமெரிக்கப் பேராசிரியர். அவருடைய முனைவர் பட்ட ஆய்வே மிருதங்கத்தைப் பற்றியது. அவருக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுத்தவர் தி. ரங்கநாதன்: வீணை தனம்மாளின் பேரன், பாலசரஸ்வதியின் தம்பி. கனெடிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1963இல் தொடங்கி வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தவர். எந்த நாட்டு இசையாக இருந்தாலும் படித்துத் தெரிந்துகொள்வது போதாது, அந்த நாட்டு ஆசிரியரின் எதிரே உட்கார்ந்து வாசித்துப் பழக வேண்டும் என்பதுதான் பிரவுன் அந்தச் சொல்லில் வைத்த பொருள். கடை அலமாரி அந்தப் பொருளை விழுங்கிவிட்டது. மேரிமூர் விழா நடந்துகொண்டிருந்த 1999இலேயே ராக் பாடகர் டேவிட் பைர்ன் நியூயார்க் டைம்ஸில் 'உலக இசை' என்ற அடைமொழியைச் சாடி எழுதினார். அவர் கோபம் நியாயமானது. ஆனால் சொல்லின் முதல் பொருள், விழாவுக்குள் ஓர் ஓரத்தில் உயிரோடு இருந்தது. அதற்கு வருகிறேன்.

முதலில் பூங்கா. மேரிமூர் 640 ஏக்கர். சமாமிஷ் ஏரியின் வட முனையில், ஏரியிலிருந்து ஆறு புறப்படும் இடத்தில் இருக்கிறது. 1904 வாக்கில் சியாட்டில் வங்கியாளர் ஒருவர் வாங்கிப் பண்ணையாக்கிய நிலம். அவர் கட்டிய மாளிகையும் காற்றாலையும் இன்னும் நிற்கின்றன. 1963இல் கிங் கவுண்டி அதை மக்களுக்காக வாங்கியது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஒரு பக்கம் சைக்கிள் பந்தய ஓடுதளம், இன்னொரு பக்கம் நாய்களை அவிழ்த்துவிடும் திடல், நடுவே கண்ணுக்கெட்டும் தூரம் புல். மற்ற மாதங்களில் சியாட்டில் பக்கத்து மழையைத் தாங்க வேண்டியவர்களுக்கு ஜூலையும் ஆகஸ்டும் ஒரு கொடை: வறண்ட காற்று, வியர்க்காத வெயில், ஒன்பது மணிவரை வெளிச்சம். தெளிந்த நாளில் தெற்கே ரெய்னியர் மலை வெள்ளையாகத் தெரியும். திறந்தவெளி இசைக்கு இதைவிட நல்ல வானிலை அமைவது அரிது.

அந்தப் புல்வெளியில் ஒன்றுக்கு மேற்பட்ட மேடைகள், நடுநடுவே கூடாரங்கள். உள்ளே நுழைந்துவிட்டால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். இந்த ஏற்பாட்டின் அருமை சபாக் கச்சேரி கேட்டு வளர்ந்த எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. நாற்காலி எண் கிடையாது, நடுவில் எழுந்து போவது குற்றமும் கிடையாது. ஒரு மேடையில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே காற்று திசை மாறி, மரங்களுக்கு அப்பாலிருந்து தெரியாத ஒரு குரல் வரும். கால் தானாக அந்தப் பக்கம் போகும். நான் போன முதல் வருடம் நிகழ்ச்சி நிரலில் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டு, வட்டம் வட்டமாக ஓடினேன். இரண்டாம் வருடம் கைக்குழந்தையோடு போனோம். குழந்தை எங்கே தூங்குகிறதோ அங்கே உட்கார வேண்டியிருந்தது. எது கேட்கிறதோ அதைக் கேட்டோம். அந்த வருடம்தான் விழாவை உண்மையாகக் கேட்டேன்.

பட்டறைகளைப் பற்றிச் சொல்லாமல் வோமாட்டைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. மேடையில் வாசித்தவர்கள் பகலில் ஒரு சிறு கூடாரத்தில் வந்து உட்கார்ந்து, வந்தவர்களுக்குச் சொல்லித்தருவார்கள். 2000ஆம் வருடம், வெயிலுக்கு ஒதுங்கத்தான் அப்படி ஒரு கூடாரத்துக்குள் போனோம். மேற்கு ஆப்பிரிக்கத் தாளக்காரர் ஒருவர், கையில் இரும்பு மணி. எதிரே முப்பது, நாற்பது பேர் தரையில். மணியில் ஏழு தட்டு. இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று. கூட்டினால் 12 மாத்திரை. கானா, டோகோ, பெனின் பக்கம் பரவலாகப் புழங்கும் மணித்தாளம் இது. அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்களின் நினைவில் ஒட்டிக்கொண்டு கியூபாவுக்கும் பிரேசிலுக்கும் போனது. இதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது.

சிறு வயதில் சில வருடம் மிருதங்கம் கற்றவன் என்பதால் எனக்கு உடனே கணக்குப் போடத் தோன்றியது. பன்னிரண்டை நாலு மூன்றாகப் பிரித்தால் தகிட தகிட தகிட தகிட, திஸ்ர நடை. மூன்று நாலாகப் பிரித்தால் தகதிமி தகதிமி தகதிமி, நமக்குக் கைவந்த ரூபகம். நான் ரூபகத்தில் தட்டினேன். மணி என் தாளத்துக்குள் உட்காரவில்லை. ஒவ்வொரு ஆவர்த்தத்திலும் வழுக்கியது. அவர் கவனித்துவிட்டார். வாசிப்பை நிறுத்தாமலே தன் காலைக் காட்டினார். கால் நான்கு அடி வைத்துக்கொண்டிருந்தது. கையை விட்டுவிட்டு அந்தக் காலைப் பிடித்துக்கொண்டேன். இரண்டே சுற்றில் மணி வந்து பொருந்தியது. பிறகு அவரே மூன்றாகவும் தட்டிக் காட்டினார். இரண்டு எண்ணிக்கையும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன, ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விடக் கூடாது, அதுதான் பாடம்.

நான் வாய்க்குள் சொற்கட்டு முணுமுணுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் பார்த்துவிட்டு, அது என்ன மொழி என்று கேட்டார். மொழியில்லை, தாளத்தை வாயால் சொல்வது என்றேன். தாளக்காரருக்கு அது காதில் விழுந்தது. சத்தமாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கூடாரம் முழுக்கத் தகிட தகிட என்று சொல்ல, மேலே அந்த மணி. ஐந்து நிமிடம் இருக்கும். என் குழந்தை தூக்கத்திலிருந்து எழுந்து மலங்க மலங்கப் பார்த்தது. அந்த விழாவில் எனக்குக் கிடைத்தவற்றில் இதற்கு மேலாக ஒன்றைச் சொல்ல மாட்டேன். பிரவுன் அந்தச் சொல்லுக்கு வைத்த பொருள் இதுதான் என்பது பின்னாளில் அவரைப் பற்றிப் படித்தபோது புரிந்தது.

2001 ஜூலை விழாவுக்குக் கேப்ரியலே வந்து பாடினார். அவருடைய 'அப்' இசைத்தட்டு வெளிவந்தது மறு வருடம் செப்டம்பரில்தான். நீண்ட இடைவெளிக்குப் பிறகு அவரை மேடையில் பார்க்கப் பெரிய ஆவலோடு வந்தார்கள். நல்ல கச்சேரிதான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரிய பெயர் ஒன்று சுவரொட்டியில் ஏறியதும் கூட்டத்தின் நடையே மாறிவிடுகிறது. மதியத்திலிருந்தே பெரிய மேடைக்கு முன்னால் விரிப்பைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, அதைக் காவல் காக்கிறார்கள். காற்றில் வரும் குரலுக்கு அவர்கள் எழுந்து போக முடியாது. பெரிய பெயர் இல்லாவிட்டால் செலவைக் கட்டுவது கஷ்டம், இருந்தால் விழா கச்சேரியாகிவிடும் என்ற இக்கட்டு இந்த விழாக்களோடு கூடப் பிறந்தது.

அந்த விழா முடிந்து ஆறு வாரத்தில் செப்டம்பர் 11 வந்தது. 2002இல் மேரிமூரில் வோமாட் இல்லை. அதற்குப் பிறகும் இல்லை.

ஏன் என்று புரிய, இப்படிப்பட்ட விழாவை நடத்துவது என்றால் என்னவென்று பார்க்க வேண்டும். வெளிநாட்டு மரபுக் கலைஞர்கள் அமெரிக்காவில் மேடையேற பி-3 என்ற விசா வேண்டும். அழைப்பவர் இங்கே ஐ-129 மனுப் போட்டு, இந்தக் கலை ஒரு பண்பாட்டுக்கே உரியது என்று சான்று காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். பிறகு குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தங்கள் நாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் விசா பெற வேண்டும். பன்னிரண்டு பேர் குழுவில் ஒருவருக்கு மறுத்தாலும் வாசிப்பு குலையும். ஊதியத்தில் 30 சதவீதத்தை வரியாக முன்பே பிடித்துவிடுவார்கள். முரசுகளும் மரக்கருவிகளும் விமானத்தில் வர வேண்டும். ஐரோப்பாவில் கோடையில் ஒரு குழு வாரம் ஒரு விழாவாக வேனிலும் ரயிலிலும் சுற்றிச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளும். லண்டனிலிருந்து சியாட்டிலுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பறந்து வந்தால், வந்த செலவைப் பகிர்ந்துகொள்ளப் பக்கத்தில் வேறு விழா இருக்க வேண்டும்.

2001 நவம்பரிலிருந்து அரபு, இஸ்லாமிய நாடுகள் பலவற்றைச் சேர்ந்த 16 முதல் 45 வயதுவரையான ஆண்களுக்கு விசாவில் 20 நாள் நிறுத்திவைப்பு வந்தது. வோமாட் மேடையை நிரப்பியது யார்? பாகிஸ்தானின் கவ்வாலிகள், மொராக்கோவின் ஞாவா இசைக்காரர்கள், அல்ஜீரியாவின் ராய் பாடகர்கள். பெரும்பாலும் அந்த வயது ஆண்கள். 2003 ஆகஸ்டிலிருந்து ஏறக்குறைய எல்லோருக்கும் நேர்காணல் கட்டாயமானது. கோடைக்கு யார் வருவார்கள் என்று வசந்தத்தில்கூட உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில் சுவரொட்டி அடிப்பது எப்படி?

இந்த ஊருக்கும் 2001 கெட்ட வருடம். பிப்ரவரி 28ஆம் தேதி 6.8 அளவில் நிலநடுக்கம். போயிங் தன் தலைமையகத்தைச் சிகாகோவுக்குக் கொண்டுபோனது. செப்டம்பருக்குப் பிறகு ஆயிரக்கணக்கில் ஆட்களைக் குறைத்தது. இணைய நிறுவனங்களின் குமிழி அதற்கு முன்பே உடைந்திருந்தது. 1998இல் இசைக்கு நன்கொடை தரக் கையில் பணம் வைத்திருந்த ஊர் வேறு, 2002இன் ஊர் வேறு. கவுண்டியும் 2002இல் பூங்காக்களைத் திறந்துவைக்கவே பணமில்லாமல் திண்டாடியது.

விசாவைப் பற்றி இவ்வளவு சொல்வது எனக்கு அது நெருக்கமான விஷயம் என்பதாலும்தான். நானும் ஒரு முத்திரையின் தயவில்தான் அந்தப் புல்லில் நின்றேன். ஆனால் என் தொழிலுக்கு ஆள் வேண்டுமென்று எச்-1பி விசாக்களின் வருடாந்தர உச்சவரம்பை 65,000இலிருந்து 1,15,000, பிறகு 1,95,000 என்று உயர்த்தினார்கள். மணி வாசிப்பவருக்காக அப்படி யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்குக் காலைக் காட்டிய மனிதருக்கு அதற்குப் பிறகு இங்கே வர வழி இருந்ததா என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

மற்ற ஊர்களில் என்ன ஆனது? ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், நகரத்தை ஒட்டியுள்ள தாவரவியல் பூங்காவில் 1992இல் தொடங்கியது, 2004 முதல் வருடா வருடம் நடக்கிறது. மாநில அரசு பின்னால் நிற்கிறது. மார்ச் மாதத்தில் நகரமே விழாக்கோலமாக இருக்கும்போது நடக்கிறது. நியூசிலாந்தின் டாரனாகியில் 2003இல் வேரூன்றியது. சிங்கப்பூரில் ஃபோர்ட் கேனிங் பூங்காவில் மேரிமூர் தொடங்கிய அதே 1998இல் தொடங்கிப் பத்து வருடம்போல நடந்து நின்றது. இங்கிலாந்திலேயே தாய் விழா 2025இல் ஒரு வருடம் ஓய்வெடுக்க வேண்டியிருந்தது. ஆக, மேரிமூர் மட்டும் ஏதோ தவறு செய்து விழுந்துவிடவில்லை.

திரும்ப வருமா என்றால், அதே பெயரில் அதே அளவில் வரும் என்று உங்களுக்கு நம்பிக்கை சொல்ல மாட்டேன். மேரிமூரில் இப்போதும் கோடைக் கச்சேரிகள் உண்டு. டிக்கெட் வாங்கி, தெரிந்த குழுவைப் போய்க் கேட்டுவிட்டு வருவது. நல்லவைதான், வேறு வகை.

உங்களுக்கு அந்த அனுபவம் வேண்டுமென்றால் மே மாதக் கடைசியில் சியாட்டில் சென்டருக்குப் போங்கள். நார்த்வெஸ்ட் ஃபோக்லைஃப் விழா, 1972இல் தொடங்கியது, நுழைவு இலவசம். வாசிப்பவர்கள் பெரும்பாலும் இந்த வட்டாரத்திலேயே வாழ்பவர்கள், அதனால் விசா அதிகாரி யாரும் அதை நிறுத்த முடியாது. அங்கே மரிம்பா என்ற, மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவியின் குழு எங்காவது வாசித்தால் நின்று கேளுங்கள். டுமிசானி மராய்ரே என்ற ஜிம்பாப்வே இசைஞர் 1968இல் சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு வருகை ஆசிரியராக வந்தார். அவர் சொல்லிக்கொடுத்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, இன்று இந்த வடமேற்கு மூலை முழுக்க, ஜிம்பாப்வேயைப் பார்த்தேயிராத பிள்ளைகள்கூட அந்த மரிம்பாவை வாசிக்கிறார்கள்.

வீட்டிலிருந்தே கேட்பதற்கு, கேப்ரியலின் ரியல் வேர்ல்ட் நிறுவனம் வெளியிட்ட மாண்டலின் ஸ்ரீநிவாஸின் 'ராம ஸ்ரீராம', 'ட்ரீம்' இரண்டையும் தேடிப் பாருங்கள். நுஸ்ரத்தின் 'ஷாஹென் ஷா'வும் அதே நிறுவனத்துடையதே.

அந்தக் கூடாரத்தில் மலங்க விழித்த குழந்தைக்கு இப்போது இருபதுகளின் நடுவயது. அவளுக்கு அந்த நாள் நினைவில் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்த மணித்தாளம் அவளுக்குத் தெரியும். நான் கார் ஓட்டும்போது ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிப் பழகியது. போன மாதம் மேரிமூர் பக்கம் போனபோது அவள் ஏழு தட்டையும் தட்ட, நான் தகிட சொன்னேன். நீங்கள் ஒரு சனிக்கிழமை வந்தால் அந்தக் கூடாரம் நின்ற இடத்தைக் காட்டுகிறேன். இப்போது வெறும் புல்தான்.